அக்னி நட்சத்திரத்தில் 630 கிலோமீட்டர்

பெயரிலேயே விஷயம் இருக்கிறது. சைனிக் என்றால் சிப்பாய். ஓய்வுபெற்ற முப்படையினருக்காகக் கூட்டுறவு வீட்டுவசதிச் சங்கம் மூலம் செகந்திராபாத்தின் வடகிழக்கு ஓரத்தில் உருவான குடியிருப்பு சைனிக்புரி. அகலமான தெருக்கள், மதில் தாண்டிக் கிளை நீட்டும் வேம்பும் மாமரமும், போர்டிகோ வைத்த தனி வீடுகள். இப்போது பல வீடுகள் அடுக்ககங்களாகிவிட்டன. பிரதான சாலையில் வரிசையாகக் காபிக் கடைகள் முளைத்துவிட்டன. ஆனாலும் போர்டிகோ மிச்சமிருக்கிறது. அதன் நிழலில் பச்சை நம்பர் பலகையுடன் மின்சாரக் கார்களையும் பார்க்க முடிகிறது. 2024 நவம்பரில் தெலங்கானா அரசு மின் வாகனங்களுக்கு 2026 டிசம்பர் 31 வரை சாலை வரியும் பதிவுக் கட்டணமும் கிடையாது என்று அறிவித்தது, கடைசி நேரத் தயக்கத்தையும் பலருக்குப் போக்கியது.

ஊருக்குள் ஓட்டும்வரை கவலையில்லை. ஏ.எஸ். ராவ் நகர், நேரேட்மெட், திருமலகிரி என்று சுற்றிவிட்டு ராத்திரி செருகினால் காலையில் பேட்டரி நிரம்பியிருக்கும். மே மாதத்தில் சென்னையில் ஒரு கல்யாணம் வரும்போதுதான் சங்கடம். செகந்திராபாத் தமிழர்களுக்கு இது வருடாந்திரக் கேள்வி. ஒன்றரை நூற்றாண்டுக்கு மேலாக இங்கே வேர்விட்டவர்கள் அவர்கள். மகபூப் கல்லூரியின் ஆரம்பமே 1862ல் சோமசுந்தர முதலியார் தொடங்கிய பள்ளிதான். வழக்கமான பதில் சார்மினார் எக்ஸ்பிரஸ். கோடை விடுமுறையில் டிக்கெட் கிடைக்காதபோது எல்லோருடைய பார்வையும் போர்டிகோ பக்கம் திரும்புகிறது.

சென்னைக்கு ஏறக்குறைய 630 கிலோமீட்டர். வெளிவட்டச் சாலையைப் பிடித்து, விஜயவாடா நெடுஞ்சாலையில் நார்கட்பள்ளி வரை போய், அங்கே வலது பக்கம் திரும்பினால் நல்கொண்டா, மிரியாலகூடா, கிருஷ்ணா நதி தாண்டிப் பிடுகுராள்ள, அத்தங்கி. பிறகு கல்கத்தா-சென்னை நெடுஞ்சாலையில் ஓங்கோல், நெல்லூர், தடா. விஜயவாடா சுற்றைவிட இது குறுக்கு. ஆனால் வெயில்காலத்தில் இதைவிட மோசமான வழியைத் தேடிப் பிடிப்பது கஷ்டம். ஆந்திராவில் வெப்பத்துக்குப் பேர்போன ரெண்டசிந்தலா இந்தச் சாலையிலிருந்து அதிக தூரமில்லை. பிடுகுராள்ளவோ சுண்ணாம்புக் காளவாய்களின் ஊர். ரோகிணி கார்த்தி வந்தால் உரலும் வெடிக்கும் என்பது தெலுங்கு வழக்கு. நம் கத்திரி வெயில் முடியும் சமயத்தில் அவர்களுக்கு ரோகிணி தொடங்குகிறது.

இந்த வெயிலில் பேட்டரி தாங்குமா? எல்லோரும் முதலில் கேட்பது இதைத்தான். தாங்கும். நார்வேயில் 2024ல் விற்ற புதிய கார்களில் பத்துக்கு ஒன்பது மின்சாரக் கார்கள். அங்கே குளிர்காலத்தில் மைனஸ் 10 டிகிரியிலிருந்து காரின் உள்ளே 20க்குக் கொண்டுவர வேண்டும்; 30 டிகிரி வித்தியாசம். மிரியாலகூடாவில் 43லிருந்து 25க்கு இறக்கினால் போதும், 18 டிகிரி. ஏசி மணிக்கு ஒன்று முதல் இரண்டு யூனிட் மின்சாரம் தின்னும். அதே ஒரு மணி நேரத்தில் 80 கிலோமீட்டர் ஓட நடுத்தரக் கார் ஒன்றுக்கு 11 யூனிட் தேவை. ஆக, ஏசியை அணைத்து வீட்டுப் பெரியவர்களை வேகவைப்பதில் மிச்சமாவது சொற்பம். உண்மையான திருடன் வேகம். 80லிருந்து 100க்குப் போனால் காற்றின் எதிர்ப்பு ஒன்றரை மடங்குக்கு மேல் கூடிவிடுகிறது. (சூடான காற்று கொஞ்சம் லேசானது என்பதால் மே மாதத்தில் இந்த எதிர்ப்பு ஐந்தாறு சதவிகிதம் குறையும். வெயில் தரும் ஒரே சலுகை.)

40 யூனிட் பேட்டரியுள்ள காரை எடுத்துக்கொள்வோம். விளம்பரத்தில் 400க்கு மேல் சொல்வார்கள். அது சோதனைச் சாலை கணக்கு. நெடுஞ்சாலையில் ஏசி போட்டு, நான்கு பேரும் மூட்டை முடிச்சுகளும் ஏறினால் யூனிட்டுக்கு ஐந்தரை முதல் ஆறு கிலோமீட்டர். கடைசி 15 சதவிகிதத்தைத் தொடாமல் வைத்தால் கையில் இருப்பது 34 யூனிட். 200 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு அல்லது கூட. வழியில் மூன்று முறை நிற்க வேண்டும்.

ஆபத்து ஓட்டத்தில் இல்லை, நிற்பதில் இருக்கிறது. 30 கிலோவாட் எந்திரத்தில் 15லிருந்து 80 சதவிகிதம் ஏற ஒரு மணி நேரம் ஆகும். ஓடிவந்த சூட்டோடு செருகினால் பேட்டரியைக் காக்கக் காரே மின்சாரம் வாங்கும் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். ஒன்றே கால், ஒன்றரை மணி. முன்னால் இன்னொரு கார் இருந்தால் அதையும் கூட்டிக்கொள்ளுங்கள். 2022 ஜனவரியில் மத்திய மின்துறை வெளியிட்ட நெறிமுறை, நெடுஞ்சாலைகளில் 25 கிலோமீட்டருக்கு ஒரு சார்ஜ் நிலையம் வேண்டும் என்றது. தூரம் சரி. நிழல்? பெட்ரோல் பங்கில் பெட்ரோல் போடும் இடத்துக்குக் கூரை இருக்கும். இரண்டு நிமிடம் நிற்பவருக்கு அது. ஒரு மணி நேரம் நிற்பவருக்கான எந்திரம் பெரும்பாலும் பின்பக்கத்து மூலையில், திறந்த வானத்தின் கீழ். 72 வயதுப் பாட்டியை மதியம் ஒரு மணிக்கு அங்கே உட்கார வைக்க முடியாது. காரை மூடிவிட்டு நகர்ந்தால் உள்ளே 60 டிகிரியைத் தாண்டும்; பையில் இன்சுலின் இருந்தால் வீணாகிவிடும். சார்ஜ் ஏறும்போதே ஏசியை ஓட்டலாம், ஓட்டுங்கள். ஏறும் வேகம் கொஞ்சம் குறையும், போகட்டும்.

அதனால் கிலோமீட்டரைவிடக் கடிகாரத்தைப் பார்த்துத் திட்டமிடுவதே சரி. முந்தைய இரவு 80 சதவிகிதத்தில் நிறுத்தி, விடியலுக்கு முன் முழுதாக நிரம்பும்படி நேரம் குறித்துவிடலாம். செருகு கழற்றும் முன் பத்து நிமிடம் ஏசி போட்டால் அந்தக் குளிர்ச்சி வீட்டு மின்சாரத்தின் கணக்கில் போகும். டயர் காற்றையும் அப்போதே பார்த்துவிட வேண்டும். மத்தியானச் சூட்டில் அழுத்தம் கூடுதலாகக் காட்டுகிறதே என்று காற்றை இறக்குவது தவறு. நான்கு மணிக்குக் கிளம்பினால் எட்டு மணிக்குள் 200 கிலோமீட்டர். சார்ஜ் ஏறும் நேரத்தில் பெசரட்டு, உப்புமா. பதினொன்றரைக்குள் ஓங்கோல். அங்கே நாலரை வரை அசையக் கூடாது. ஏசி அறையும் காருக்கு ஒரு பிளக்கும் உள்ள ஓட்டலாகப் பார்த்து முன்கூட்டியே பேசிவைத்தால், மெதுவான சார்ஜிலேயே பேட்டரி கணிசமாக நிரம்பும். குழந்தைகள் தூங்கட்டும். மாலையில் 125 கிலோமீட்டர் ஓடி நெல்லூரில் சாப்பாடு, இன்னொரு சார்ஜ். அங்கிருந்து 175 கிலோமீட்டர். அசதியாக இருந்தால் நெல்லூரிலேயே தங்கிவிடுவது உத்தமம்.

இரவு முழுவதும் ஓட்டிவிட்டால் வெயிலே இல்லையே என்பவர்கள் உண்டு. விளக்கில்லாமல் ஓரத்தில் நிற்கும் லாரிகளை அவர்கள் பார்த்ததில்லை போலும். ஆள் இல்லாத எந்திரம் நள்ளிரவில் மக்கர் செய்தால் யாரைக் கூப்பிடுவது? மே மாதத்து மாலைகளில் திடீரென்று சூறைக்காற்றோடு மழை வந்து மின்சாரம் போவதும் சகஜம். ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் முப்பது நாற்பது கிலோமீட்டருக்குள் மாற்று இடம் ஒன்று குறித்திருக்க வேண்டும். எந்த ஊரில் எந்த எந்திரம் என்று இங்கே பட்டியல் போடுவது வீண். மாதத்துக்கு மாதம் மாறுகிறது. செல்போன் செயலி பச்சை காட்டினாலும் கிளம்புமுன் போன் செய்து, வேலை செய்கிறதா என்பதோடு கூரை உண்டா, கழிப்பறை திறந்திருக்குமா என்றும் கேட்டுவிடுங்கள்.

பயணத்தில் வழி தேடுவது புதிதல்ல. 1888ல் பெர்த்தா பென்ஸ் இரு மகன்களுடன் மன்ஹைமிலிருந்து ஃபோர்ட்ஸ்ஹைமுக்குக் கார் ஓட்டிப் போனபோது ஒரு பெட்ரோல் பங்க்கூட உலகத்தில் இல்லை. வீஸ்லோக் ஊர் மருந்துக்கடையில் எரிபொருள் வாங்கினார். மேட்டில் பிள்ளைகள் தள்ளினார்கள்.

செகந்திராபாத்காரர்களின் அச்சம் ஒன்று மட்டும் வேறு வகை. 2022 செப்டம்பர் 12 இரவு, இங்கே ஒரு ஓட்டல் கட்டடத்தின் கீழ்ப்பகுதியிலிருந்த மின்சார ஸ்கூட்டர் ஷோரூமில் தீப்பிடித்து, மேலே தங்கியிருந்தவர்களில் எட்டுப் பேர் புகையில் மாண்டார்கள். அந்த வருடக் கோடையிலேயே நாட்டின் பல இடங்களில் ஸ்கூட்டர்கள் எரிந்திருந்தன. பேட்டரி விதிகள் அதன் பின்னர் 2022 டிசம்பரிலும் 2023 மார்ச்சிலும் இரு கட்டமாக இறுக்கப்பட்டன. பெரும்பாலான புதிய கார்களில் பேட்டரியைக் குளிர்விக்கத் திரவ ஏற்பாடு உண்டு; பல ஸ்கூட்டர்களில் கிடையாது. இதைச் சொல்லி வீட்டில் பயப்படுகிறவரைச் சமாதானம் செய்யலாம். ஆனால் அடியில் கல் மோதிய காரைப் பரிசோதிக்காமல் நெடும்பயணத்துக்கு எடுக்கவோ, போர்டிகோவில் கிடைத்த நீட்டிப்பு ஒயரில் செருகவோ அது அனுமதிச் சீட்டல்ல.

கல்யாண வீட்டுக்காரரிடமும் ஒரு வார்த்தை கேட்டு வையுங்கள். அவருடைய அடுக்ககத்தின் கார் நிறுத்துமிடத்தில் 15 ஆம்பியர் பிளக் உண்டா, சங்கச் செயலாளர் அனுமதிப்பாரா? பத்திரிகை வைக்க வரும்போதே கேட்டுவிடுவது நல்லது. திரும்பி வருவதற்கும் அதே 630 கிலோமீட்டர் இருக்கிறது.