மறைத்த நான்கு திங்கள்

சென்ற ஆண்டு எங்கள் இல்லத்தில் நேர்ந்த ஒன்றைச் சங்கத்து அன்பர்களுக்குச் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறோம்.

மாதுங்காவில் நெடுநாளாக எங்களுடன் வாழ்ந்துவரும் அண்ணியார், பொங்கலன்று நீராடும்போது தம் மார்பில் நெல்லிக்காய் அளவில் ஒரு கட்டி இருப்பதை உணர்ந்தார். வலியில்லை, ஆதலால் வாய் திறக்கவில்லை. வைகாசியில் மகளுக்குத் திருமணம். கையிலுள்ள பணம் ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டால் பெண்ணை எவ்வாறு கரையேற்றுவது என்று எண்ணி, நான்கு திங்கள் மறைத்தே வைத்திருந்தார். மார்பகப் புற்றுக்கட்டி தொடக்கத்தில் பெரும்பாலும் வலிப்பதில்லை என்பதை அவர் அறியார். நாங்களும் அன்று அறியோம்.

மணமக்களை வழியனுப்பிய மறுநாள்தான் சொன்னார். அருகிலிருந்த தனியார் மருத்துவமனையொன்றில் அறுவைக்கு மட்டும் ஒரு தொகை சொன்னார்கள். மற்றவற்றைப் பிறகு பார்க்கலாம் என்றார்கள். அச்சத்துடன் பரேலிலுள்ள டாட்டா நினைவு மருத்துவமனைக்குச் சென்றோம். 1941-இல் தோன்றி, 1962 முதல் அணுசக்தித் துறையின் பொறுப்பில் இயங்கும் நிலையம் அது. பொதுப் பிரிவில் பதிவு செய்துகொண்டோம். மருத்துவர் எதிரில் அமர்ந்ததும் அண்ணியார், "பிழைப்பேனா?" என்று கேட்கவில்லை, "எவ்வளவு செலவாகும்?" என்றே கேட்டார்.

கட்டி பெருத்து அக்குளுக்கும் பரவியிருந்தது. முதலில் மருந்தேற்றி அதைச் சுருக்கி, பின்னர் மார்பை அகற்றி, அதன்பின் கதிர்வீச்சும் அளித்தார்கள். முன்னரே வந்திருந்தால் கட்டியை மட்டும் நீக்கி மார்பைக் காத்திருக்கவும் கூடும் என்றார் மருத்துவர். அறுவை ஒருநாட் செலவு. மருந்தும், சோதனைகளும், வண்டிச் சத்தமும், இழந்த கூலியும் பல திங்கட் செலவு. பணத்தைக் காக்க மறைத்த நோயே பணத்தை மிகுதியாக விழுங்கிற்று.

அறுவைக்குப்பின் வடிகுழாயில் சேரும் நீரை நாள்தோறும் அளந்து குறிக்க வேண்டியிருந்தது. எந்தப் பெண்ணுக்காக மறைத்தாரோ, அந்தப் பெண்ணே வந்திருந்து அளந்தாள். "ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் கோயிலில் ஒரு மாலையோடு மணம் முடித்திருப்பேனே, அம்மா!" என்று அவள் அழுதது இன்னும் எங்கள் செவியில் ஒலிக்கிறது.

அன்பர்களே, பட்டறிந்து சொல்கிறோம். அறுவைக்கு மட்டும் விலை கேளாதீர்கள். திசுச் சோதனை, மருந்து, கதிர்வீச்சு, பின்னாட் பார்வை அனைத்துக்கும் சேர்த்துக் கேளுங்கள். பெரிய மருத்துவமனைகளில் உதவி நிதிகளுக்கு வழிகாட்டச் சமூகப் பணியாளர் இருப்பர், வெட்கப்படாமல் அணுகுங்கள். 2018-இல் தொடங்கிய ஆயுஷ்மான் பாரத் திட்டத்தில், தகுதியுள்ள குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை காப்புண்டு. திட்டத்தில் சேர்ந்த வெளிமாநில மருத்துவமனையிலும் அது செல்லும். ஆனால் எங்கள் குடும்ப அட்டை ஊரில் பெட்டிக்குள் கிடந்தது! உங்கள் தாள்களை இன்றே எடுத்து வையுங்கள்.

அண்ணியார் இப்போது கையை உயர்த்தித் தாமே தலை பின்னிக்கொள்கிறார். நாள்தோறும் ஒரு மாத்திரையும் உண்டு. அது இன்னும் சில ஆண்டுகள் தொடரும். இந்தப் பொங்கலன்று எங்கள் தெருப் பெண்களை அழைத்து, மஞ்சள் குங்குமத்தோடு ஒரு சொல்லும் கொடுத்தனுப்பினார்: "கட்டி தென்பட்டால் கணக்குப் பார்க்காதீர்கள், அன்றே சொல்லிவிடுங்கள்."