சொன்னதும் சொன்ன விதமும்

"ஒரு வேலை சொன்னால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்கிறான், ஒரு சொல்லுக்கு ஒன்பது சொல் எதிர்த்துப் பேசுகிறான்." ஞாயிறு திருப்பலி முடிந்து ஆலய முற்றத்தில் பெற்றோர் சந்திக்கும்போதெல்லாம் எழும் குறை இது. எங்கள் இல்லமும் இதற்கு விலக்கன்று. பத்தாம் வகுப்பில் பயிலும் மகனுக்குப் பெற்றோராகிய நாங்கள், ஓர் இரவில் கற்ற பாடத்தை இங்கே பகிர்ந்துகொள்ள விழைகிறோம்.

எங்களோடு வாழும் அவனுடைய பாட்டிக்கு இரத்தக் கொதிப்பு மாத்திரை தீர்ந்துபோயிருந்தது. இரவு ஒன்பதரை மணிக்குத்தான் அது நினைவுக்கு வந்தது. சமையலறையிலிருந்து ஒருவரும் கூடத்திலிருந்து மற்றவருமாக மகனை உரக்கக் கூவினோம். கணக்கில் மூழ்கியிருந்த அவன், "போறேன், போறேன். அதுக்கு ஏன் ரெண்டு பேரும் கத்துறீங்க?" என்று எழுந்தான்.

அந்தக் குரல் எங்களைச் சுட்டது. பெரியவர்களிடம் பேசும் முறையா இது என்று தொடங்கினோம். பழைய குற்றங்கள் ஒவ்வொன்றாக வெளிவந்தன. முடிவில், "நீ ஒன்றும் போக வேண்டாம்" என்றோம். அவன் அறைக்குள் சென்று கதவை அடைத்துக்கொண்டான். பின்னர் நாங்களே விரைந்தோம், மருந்துக்கடை மூடியிருந்தது. அன்றிரவு பாட்டி மாத்திரையின்றியே உறங்கினார்.

காலையில் அவர் எங்களைக் கடிந்துகொள்ளவில்லை. "அவன் செருப்பை மாட்டிக்கிட்டுத்தானே நின்னான்" என்று மட்டும் சொன்னார்.

மத்தேயு நற்செய்தியின் 21-ஆம் அதிகாரத்தில் வரும் இரு புதல்வர் உவமை எங்கள் நினைவுக்கு வந்தது. மறுத்துப் பேசிய மூத்தவன் பின்னர் மனம் மாறித் தோட்டத்துக்குச் சென்றான். மரியாதையாக இசைந்த இளையவன் செல்லவில்லை. தந்தையின் விருப்பத்தை நிறைவேற்றியவன் மூத்தவனே. எங்கள் மகனோ மறுக்கவுமில்லை. குரலைத் திருத்தப்போய்ச் செயலைத் தடுத்தவர்கள் நாங்களே.

கொலோசையருக்கு எழுதிய திருமுகத்தில், பிள்ளைகள் கீழ்ப்படிய வேண்டுமெனக் கூறும் பவுல் அடிகளார், அடுத்த மூச்சிலேயே, பிள்ளைகள் மனந்தளரும்படி எரிச்சலூட்ட வேண்டாமெனத் தந்தையரையும் எச்சரிக்கிறார். முன்பாதியை மட்டுமே நாங்கள் வீட்டில் ஓதி வந்தோம். உணர்ச்சியை அடக்கி எண்ணிப் பேச உதவும் மூளையின் முன்பகுதி, இருபது வயதைக் கடந்தும் முதிர்ந்துகொண்டிருக்கிறது என்கிறது அறிவியல். பதினைந்து வயதில் நா தடுமாற அந்தக் காரணமேனும் உண்டு. நாற்பத்தைந்து வயதில் எங்களுக்கு எந்தச் சாக்கும் இல்லை. இளைஞரை நேசித்தால் மட்டும் போதாது, தாம் நேசிக்கப்படுவதை அவர்கள் உணரவும் வேண்டும் என்று புனித தொன் போஸ்கோ 1884-இல் உரோமையிலிருந்து எழுதிய மடலில் வலியுறுத்தினார். கூடத்திலிருந்து கூவும் கூச்சலில் எந்த நேசத்தை அவன் உணர்ந்திருக்க முடியும்?

அன்று மாலை மகனிடம் மன்னிப்புக் கேட்டோம். அவனுக்குக் கூச்சம், எங்களுக்கும்தான்.

இப்போது வேலை சொல்பவர் ஒருவரே. அருகில் சென்று, பெயர் சொல்லி அழைத்து, ஒரு வேலையை மட்டும் சொல்கிறோம். "இந்தக் கணக்கு முடிந்ததும் போய் வா" என்று அவகாசமும் தருகிறோம். குரல் தடித்தால் அப்போதே வாதிடுவதில்லை. அவன் வேலையை முடித்துத் திரும்பிய பின், பிறர் இல்லாத வேளையில், "நீ பேசிய விதம் வருத்தம் தந்தது" என்கிறோம். பணிவு வேண்டியதே, அதைக் கற்பிக்கும் நேரம் வேறு.

முணுமுணுப்பு முற்றிலும் நின்றுவிடவில்லை. ஆயினும் சென்ற வாரம், பாட்டியின் மாத்திரை அட்டையில் இரண்டே எஞ்சியிருப்பதைக் கண்டு, எவரும் சொல்லுமுன் அவனே செருப்பை மாட்டிக்கொண்டான். முகம் என்னவோ அப்போதும் சற்றுத் தூக்கியபடிதான் இருந்தது. நாங்கள் ஒன்றும் சொல்லவில்லை.