மிதி கால்வாய்க் கரையில் மிதிவண்டி

தெற்கு பிரான்சில் உள்ள துலூஸ் நகரத்து ரயில் நிலையத்தை விட்டு வெளியே வந்தால், எதிரிலேயே ஒரு கால்வாய் கிடக்கிறது. அதன் கரையோரமாகத் தென்கிழக்கே சைக்கிளை மிதித்தால் ஒரு மணி நேரத்துக்குள் நகரம் பின்னால் போய்விடும். அதன்பிறகு கார் இல்லை, லாரி இல்லை, ஹாரன் சத்தமும் இல்லை. ஒரு பக்கம் தண்ணீர், மறுபக்கம் கோதுமையும் சூரியகாந்தியும். குழந்தையைப் பின்னால் உட்காரவைத்த தாய், ஓய்வுபெற்ற தம்பதி, பையைக் கட்டிக்கொண்டு வெளியூரிலிருந்து வந்தவர் என எல்லோரும் அவரவர் வேகத்தில் போகிறார்கள்.

இதுதான் மிதி கால்வாய். பிரெஞ்சில் 'மிதி' என்றால் தெற்கு. துலூஸிலிருந்து மத்திய தரைக்கடலை ஒட்டிய தோ என்ற உப்பங்கழி வரை 240 கிலோமீட்டர் நீளம். படகுகளைக் கயிறு கட்டிக் குதிரைகள் இழுத்துப்போன கரைப் பாதையில்தான் இன்று சைக்கிள் ஓடுகிறது. குதிரை நடந்த பாதை என்பதால் பெரிய ஏற்ற இறக்கம் கிடையாது. நாளுக்கு 40, 50 கிலோமீட்டர் என்று போனால், ஐந்தாறு நாளில் கடலைப் பார்த்துவிடலாம்.

மேட்டுக்குத் தண்ணீர் வந்த கதை

துலூஸிலிருந்து சுமார் 50 கிலோமீட்டரில் நொரூஸ் என்ற மேடு வருகிறது. இங்கே விழும் மழையில் ஒரு பாதி மேற்கே அட்லாண்டிக் கடலுக்கும், மறுபாதி கிழக்கே மத்திய தரைக்கடலுக்கும் போகும். கடல் மட்டத்துக்குமேல் ஏறக்குறைய 190 மீட்டர் உயரம். இந்த மேட்டைத் தாண்டிப் படகு போக வேண்டும் என்றால், மேட்டின் உச்சியில் எப்போதும் தண்ணீர் இருக்க வேண்டும். கால்வாயின் ஒவ்வொரு மதகைத் திறக்கும்போதும் தண்ணீர் கீழே இறங்கிக்கொண்டே இருக்குமே, அதை யார் ஈடுகட்டுவது?

பல தலைமுறை அறிஞர்களைத் திகைக்கவைத்த இந்தக் கேள்விக்கு விடை சொன்னவர் பொறியாளர் அல்லர். உப்பு வரி வசூலிப்பவராக இருந்த பியேர் போல் ரிக்கே. வடக்கே உள்ள கறுப்பு மலையின் ஓடைகளை வரத்துக்கால் வெட்டி மறித்து, சான் ஃபெரியோல் என்ற இடத்தில் ஏரி கட்டித் தேக்கி, அங்கிருந்து வாய்க்கால் வழியாக நொரூஸ் மேட்டுக்குக் கொண்டுவந்தார். ஏரிக்கரைக்கு மண் சுமந்தவர்களில் பெண்கள் ஏராளம். மழையால் வேலை நின்ற நாளுக்கும், நோயில் படுத்த நாளுக்கும் ரிக்கே கூலி கொடுத்தார். 1666இல் அரசாணை கிடைத்தது. 1681இல் கால்வாய் திறக்கப்பட்டது. அதைப் பார்க்க அவர் இல்லை. கடன் சுமையோடு 1680இல் காலமாகிவிட்டார். அவர் கட்டிய ஏரியிலிருந்து இன்றும் கால்வாய்க்குத் தண்ணீர் வருகிறது. சரக்குப் படகுகள் ஓய்ந்துவிட்டன. இப்போது அந்தத் தண்ணீரில் உல்லாசப் படகுகள் மிதக்கின்றன. சுற்றியுள்ள வயல்களுக்கும் பாய்கிறது.

இந்த மேட்டு நிலத்துக்கு லொரகே என்று பெயர். ஒரு காலத்தில் இங்கே நீலச் சாயம் தரும் பஸ்தெல் என்ற செடி கொழித்தது. அந்தப் பணத்தில் எழுந்த மாளிகைகள் துலூஸில் இன்றும் நிற்கின்றன. இந்தியாவிலிருந்து கப்பலேறிய அவுரி நீலம் சந்தைக்கு வந்ததும் பஸ்தெல் சாய்ந்தது. இன்று அந்த நிலத்தில் கோதுமை, சூரியகாந்தி. அடுத்து வரும் கஸ்தெல்நோதரி ஊரில் வெள்ளை பீன்ஸும் இறைச்சியும் சேர்த்து மண்சட்டியில் மணிக்கணக்கில் வேகவைக்கும் 'கஸ்ஸுலே' பிரசித்தம். நாள் முழுக்க மிதித்தவருக்கு அது ஒருவேளை உணவு அல்ல, இரண்டு வேளை.

நிழல் போன பாதை

கர்க்கசோன் கோட்டை நகரத்தைத் தாண்டியதும் காட்சி மாறுகிறது. அதுவரை தலைக்குமேல் கூரை போட்டதுபோல் இருந்த நிழல், திரேப் ஊரை நெருங்கும்போது திடீரென்று காணாமல் போகிறது. வெட்டப்பட்ட இடங்களும், முட்டுக் கொடுத்த சின்னக் கன்றுகளும்தான் தெரிகின்றன.

கால்வாயின் இரு கரையிலும் இருந்தவை பிளேன் மரங்கள், காஷ்மீரத்துச் சினார் மரத்தின் சொந்தம். 19ஆம் நூற்றாண்டில் வரிசையாக நட்டார்கள். குதிரைக்கும் படகோட்டிக்கும் நிழல், கரைக்கு வேர்ப்பிடிப்பு என்று இரண்டு பலன். ஏறக்குறைய 42,000 மரங்கள், அத்தனையும் ஒரே இனம்.

2006இல் இந்தப் பகுதியில்தான் நோய் முதலில் கண்டுபிடிக்கப்பட்டது. செரட்டோசிஸ்டிஸ் பிளாட்டானி என்னும் பூஞ்சாணம். இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்காவிலிருந்து வந்த வெடிமருந்துப் பெட்டிகளின் மரப்பலகையில் ஒட்டிக்கொண்டு பிரான்சுக்குள் நுழைந்ததாகச் சொல்கிறார்கள். சின்னக் காயம் போதும், உள்ளே போய்விடும். கிளை வெட்டும் ரம்பத்தில், படகு உரசிய வேரில், ஓடும் தண்ணீரில், ஒன்றோடொன்று பின்னிய வேர்களில் என்று பரவும். நீர் ஏறும் குழாய்கள் அடைபட்டு, நூறாண்டு கடந்த மரமும் சில வருடங்களில் பட்டுப்போகும். மருந்து இல்லை. நோய்கண்ட மரத்தோடு பக்கத்து மரங்களையும் வெட்டி எரிப்பதுதான் ஒரே வழி. இதுவரை 25,000க்கும் மேற்பட்ட மரங்கள் போய்விட்டன.

இப்போது வேறு மாதிரி நடுகிறார்கள். துருக்கி ஓக் முக்கிய மரம். இடையிடையே வேறு சில இனங்கள். ஒன்றுக்கு நோய் வந்தாலும் மற்றது நிற்கட்டும் என்ற கணக்கு. கால்வாயைப் பராமரிக்கும் அரசு நிறுவனம் பொதுமக்களிடமும் நன்கொடை கேட்டு நடுகிறது. கருவியைக் கழுவிக் கிருமி நீக்காமல் அடுத்த மரத்தைத் தொடக்கூடாது என்பது அங்கே கண்டிப்பான விதி. எந்த ஊர்த் தோப்புக்கும் அது பொருந்தும்.

திராட்சையும் விலையும்

திரேப்புக்கு அப்பால் கண்ணுக்கு எட்டியவரை திராட்சைதான். ஒவ்வொரு ஊரிலும் விவசாயிகளின் கூட்டுறவு ஒயின் ஆலை ஒன்று கண்ணில் படும். அர்ஜான் ஊரிலிருந்து பெசியே வரை 54 கிலோமீட்டருக்கு ஒரு மதகுகூடக் கிடையாது. கால்வாய் குன்றுகளைச் சுற்றிச் சமமட்டத்திலேயே வளைந்து போகிறது. வழியில் லெ சொமாய் ஊரில் படகுக்காரர்கள் இரவு தங்கிய சத்திரமும், கூனல் கல்பாலமும் இருக்கின்றன.

அடுத்து அர்ஜலியே. 1907 மார்ச் 11 அன்று இந்தச் சிறிய ஊரிலிருந்து 87 பேர் நர்போன் நகரத்துக்கு நடந்தார்கள். முன்னால் நின்றவர் மார்சலின் அல்பேர், ஒரு சிறு திராட்சை விவசாயி. விளைச்சல் மிகுந்து, சர்க்கரை கலந்த போலி ஒயினும் சந்தையில் சேர்ந்து, விலை அடியோடு விழுந்திருந்தது. சில வாரங்களில் 87 பேர் லட்சக்கணக்கானோர் ஆனார்கள். ஜூனில் ராணுவம் சுட்டது; நர்போனில் உயிர்கள் போயின. அந்த மாதக் கடைசியிலேயே கலப்படத்தைத் தடுக்கும் சட்டம் வந்தது. கூட்டுறவு ஆலைகள் ஊருக்கு ஊர் பெருகியது அதற்குப் பிறகுதான்.

பெசியேவுக்கு முன்னால் மல்ப்பா என்ற இடத்தில் கால்வாய் ஒரு குன்றைக் குடைந்து போகிறது. சைக்கிளை நிறுத்திவிட்டு மேலே ஏறினால், கீழே மோந்தாதி வயல்கள் சக்கரத்தின் ஆரங்கள்போல் தெரியும். 13ஆம் நூற்றாண்டில் ஒரு சதுப்பு ஏரியை வற்றவைத்து உருவாக்கிய நிலம் அது. வடிகால்கள் எல்லாம் நடுவில் கூடி, அங்கிருந்து அதே குன்றின் அடியில் வெட்டிய சுரங்கம் வழியாகத் தண்ணீர் வெளியேறுகிறது. எழுநூறு வருடம் கடந்தும் அந்த வடிகாலை நம்பித்தான் அங்கே உழவு நடக்கிறது.

பயணம் போகிறவர்களுக்கு

ஏப்ரல் முதல் ஜூன் வரையும், செப்டம்பர், அக்டோபரும் நல்ல காலம். ஜூலை, ஆகஸ்டில் வெயில் கடுமை. மரம் வெட்டிய பகுதிகளில் ஒதுங்க நிழல் இருக்காது. துலூஸிலிருந்து முதல் 50 கிலோமீட்டர் தார்ப்பாதை. அதற்கு அப்பால் பெரும்பாலும் மண்பாதை, வேர் முண்டுகளும் உண்டு. அகல டயர் வண்டியே நல்லது. மழை பெய்தால் வழுக்கும். கஸ்தெல்நோதரி, கர்க்கசோன், நர்போன், பெசியே ஊர்களில் நிற்கும் உள்ளூர் ரயில்களில் சைக்கிளை ஏற்றலாம். களைத்தவர் பாதியில் திரும்பிவிடலாம். மதகுக் காவலர் வீட்டுச் சுவரில் உள்ள பலகையைப் பார்க்கத் தவறவேண்டாம். முந்தைய மதகும் அடுத்த மதகும் எத்தனை மீட்டர் தூரம் என்று அதில் எழுதியிருக்கும்.

திரேப் பக்கம் நட்ட ஓக் கன்றுகள் பாதைக்குக் கூரை போட இன்னும் பல வருடங்கள் ஆகும். இன்று பெற்றோரின் வண்டிக்குப் பின்னால் உட்கார்ந்து வெயிலில் போகும் குழந்தைகள், பெரியவர்களாகி வரும்போது அந்த நிழலில் போவார்கள்.