பையில் இல்லாத கத்தரிக்கோல்

தூண்டில் போடப் போகும் நாளைவிட அதற்கு முந்திய இரவே எங்களுக்கு அதிகம் பிடிக்கும் என்று சொன்னால் சிரிக்கத்தான் செய்வார்கள். கூடத்தில் பழைய போர்வை ஒன்றை விரித்து, பையில் இருப்பதையெல்லாம் அதன்மேல் கொட்டிவிட்டு, அண்ணனும் தம்பியுமாக எதிரெதிரே உட்கார்ந்து, எதை எடுப்பது, எதை விடுவது என்று நள்ளிரவு வரை வழக்காடுவோம். "நாளைக்குச் சந்தையில கடை போடப் போறீங்களா?" என்று கேட்டுவிட்டு வீட்டில் உள்ளவர்கள் உறங்கப் போய்விடுவார்கள். கரையில் நடப்பதில் பாதி அந்தப் போர்வையின் மேலேயே முடிவாகிவிடுகிறது என்பது எங்களுக்குத் தாமதமாகத்தான் விளங்கியது. அதைப் பற்றியதே இக்கட்டுரை.

எங்கள் ஊர் காட்டுமன்னார்கோயிலுக்குப் பக்கம். அணைக்கரையில் கொள்ளிடத்தின் குறுக்கே நிற்கும் கீழணையிலிருந்து பிரியும் வடவாறு, எங்கள் வயல்களை ஒட்டிச் சென்று வீராணம் ஏரியில் சேர்கிறது. கல்கியின் 'பொன்னியின் செல்வன்' அந்த ஏரியின் கரையில்தான் தொடங்குகிறது. இங்கே வருகிறவர்களுக்கு அதைச் சொல்ல வேண்டியதில்லை. வந்தியத்தேவன் குதிரையில் போகும் அந்த முதல் அத்தியாயத்தைப் படிக்கும்போதெல்லாம், கரையோரம் யாராவது ஒருவர் தூண்டிலோடு உட்கார்ந்திருக்க மாட்டாரா என்று தேடியிருக்கிறோம். ஏரியில் மீன்பாசிக் குத்தகை உண்டு. அங்கே கேட்காமல் தூண்டில் போடுவது முறையில்லை. ஆகவே எங்கள் இடம் எப்போதும் வடவாற்றங்கரைதான்.

எங்களுக்குத் தூண்டில் பிடிக்கக் கற்றுக்கொடுத்தவர் பெரியப்பா. அவருடைய தளவாடங்கள் முழுவதும் ஒரு பற்பொடி டப்பாவுக்குள் அடங்கிவிடும். நான்கைந்து முள், கொஞ்சம் ஈயத்தகடு, ஒரு குச்சியில் சுற்றிய நரம்பு, மயிலிறகின் தண்டில் செய்த இரண்டு தக்கைகள். அவ்வளவுதான். டப்பாவை மடியில் செருகி, மூங்கில் கழியைத் தோளில் சாய்த்துக்கொண்டு கிளம்பிவிடுவார். மண்புழுவைக் கொட்டாங்குச்சியில் ஈரமண்ணோடு போட்டு, மேலே வாழையிலைத் துண்டை மூடி நாங்கள் எடுத்துப் போவோம். வேறு எதையும் தூக்க எங்களுக்கு உரிமை இல்லை.

சம்பாதிக்கத் தொடங்கியதும் அந்த எளிமை எங்களை விட்டுப் போயிற்று. ஒன்றுக்குள் ஒன்று செருகி நீளும் ஃபைபர் கழிகள் வாங்கினோம். ரீல் இரண்டு. தவளை வடிவில் ரப்பர் இரை, கண் வரைந்த பிளாஸ்டிக் மீன், மின்னும் தகடு என்று பெட்டி நிறைந்தது. கரைக்குப் போய்ப் பையைத் திறந்ததும் எதை முதலில் கட்டுவது என்ற குழப்பமே ஒரு மணி நேரத்தைத் தின்றுவிடும். அதற்குள் பெரியப்பா ஐந்தாறு கெண்டைகளைச் சேர்த்திருப்பார். "தம்பிகளா, மீனுக்குக் காத்திருக்கீங்களா, இல்ல கடைக்காரன் வருவான்னு காத்திருக்கீங்களா?" என்பார்.

பட்டுத் தெளிந்ததைச் சொல்கிறோம். கரையிலிருந்து போடுகிறவருக்கு முதலில் தெரிய வேண்டியது தண்ணீர் எவ்வளவு தூரத்தில், எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்பதே. வாய்க்காலுக்கும் சிற்றாற்றுக்கும் பத்தடி, பன்னிரண்டடி மூங்கில் கழியே போதும். மீன் பெரும்பாலும் கரையை ஒட்டிய புல்லோரத்தில்தான் மேய்கிறது. ரீல் வேண்டுவது அகன்ற நீரில், தூரத்தில் எறிய வேண்டியபோது. முள்ளின் எண்ணிக்கை முறையும் புதியவர்களைக் குழப்பும்: எண் கூடக்கூட முள் சிறுத்துக்கொண்டே போகும். பத்தாம் எண் முள் கெண்டையின் சிறுவாய்க்குப் பொருந்தும். கெளுத்திக்கு நான்கோ இரண்டோ. விராலுக்கு அதைவிடப் பெரியது. எல்லாவற்றிலும் பெரியதை வாங்கி வைத்துக்கொள்கிறவர் எதையும் பிடிப்பதில்லை. கெண்டை இரையை மட்டும் உருவித் தின்றுவிட்டுப் போய்விடும்.

தக்கை என்பது மிதப்பதற்கு மட்டுமல்ல, ஆழத்தை அளப்பதற்கும்தான். அதை நரம்பில் மேலும் கீழும் நகர்த்தி, இரை தரையைத் தொடுகிறதா, நடுநீரில் தொங்குகிறதா என்று தீர்மானிக்கிறோம். கெளுத்திக்குத் தரை, கெண்டைக்கு அதற்குச் சற்று மேலே. கெளுத்திக்காகப் போகிறவர் பையில் ஒரு பழந்துணியும் இருக்க வேண்டும். அதன் செவுளருகே பக்கத்துக்கு ஒன்றாக நிற்கும் முள் குத்தினால் அன்றைய தூண்டில் அத்தோடு முடிந்தது.

இனி நரம்பு. பெரியப்பாவின் சிறுவயதில் பருத்தி நூல்தான். சில மாதங்களில் இற்றுப்போய்விடும் என்று குறைப்பட்டுக்கொள்வார். ஐசக் வால்டன் 1653-இல் வெளியிட்ட தூண்டில் நூலில் குதிரைவால் மயிரை முறுக்கித் தூண்டில் நூல் செய்வது பேசப்படுகிறது. 1935-இல் அமெரிக்காவின் டூபாண்ட் ஆய்வகத்தில் நைலான் உருவானது. சில ஆண்டுகளுக்குள் அது தூண்டில் நரம்பாகவும் கடைக்கு வந்துவிட்டது. தண்ணீரில் கண்ணுக்குத் தெரியாது, இற்றுப்போகாது, மலிவு. இம்மூன்றையும் நாங்கள் நற்குணங்கள் என்றே எண்ணியிருந்தோம்.

2021 டிசம்பரில், நல்ல மழைக்குப் பிறகு வடவாறு நிறைந்து ஓடிக்கொண்டிருந்தது. பெரிய விரால் ஒன்று கருவேல மரத்தடியில் புரள்வதைப் பார்த்ததாக ஊரில் பேச்சு. அந்தச் சனிக்கிழமை இரவு போர்வையின் முன்னால் எங்களுக்குள் பேராசை உட்கார்ந்திருந்தது. வழக்கமான 0.30 மில்லிமீட்டர் நரம்பை எடுத்து வைத்துவிட்டு, 0.50 நரம்பை ரீலில் ஏற்றினோம். நரம்பின் நுனியில் அதைவிட மெல்லிய நரம்பில் ஒரு முழம் சேர்த்து, அதில்தான் முள்ளைக் கட்ட வேண்டும் என்பது பெரியப்பாவின் வழக்கம். அந்த மெல்லிய முழம் எதற்கு, விரால் அறுத்துக்கொண்டு போவதற்கா என்று அதையும் விட்டோம். பை கனக்கிறது என்று சிலவற்றைக் குறைத்தபோது கத்தரிக்கோலும் போர்வையிலேயே தங்கிவிட்டது. பல் இருக்கிறதே, போதாதா?

மறுநாள் மூன்றாவது எறிதலிலேயே முள் தண்ணீரில் மூழ்கியிருந்த கருவேலங்கிளையில் மாட்டிக்கொண்டது. மெல்லிய முழம் இருந்திருந்தால் இழுத்த இழுப்பில் அதுவே அறுந்திருக்கும். முள்ளோடு ஒரு முழம் நரம்பு மட்டும் போயிருக்கும். அந்த முழம் எதற்காக என்பதே அதுதான். நாங்கள் நரம்பைக் கட்டையில் சுற்றி இருவருமாக இழுத்தோம். ரீலருகே ஏதோ கீறல் இருந்திருக்க வேண்டும், அங்கேதான் அறுந்தது. இருபது கஜத்துக்குக் குறையாத பச்சை நரம்பும் எங்கள் சிவப்புத் தக்கையும் மரத்தோடு போயின. போனது போகட்டும் என்று வீடு திரும்பினோம். வழியில் நரம்பின் விலையைப் பற்றித்தான் பேசிக்கொண்டு வந்தோம்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அதே இடம். கருவேல மரத்தின் தாழ்ந்த கிளையில் சின்ன நீர்க்காகம் ஒன்று சிறகை விரித்தபடி இருந்தது. நீர்க்காகம் முழுகி எழுந்தபின் அப்படிச் சிறகை விரித்து உலர்த்துவது எல்லோரும் கண்டதுதான். 'நமக்கு முன்னாலேயே வேலையை முடித்துவிட்டது பார்' என்று பேசிக்கொண்டு தூண்டிலைப் போட்டோம். அரை மணி நேரம் ஆகியிருக்கும். பறவை சிறகை மடக்கவே இல்லை என்பதையும், விரிந்திருந்தது ஒரு சிறகு மட்டும்தான் என்பதையும் அதற்குப் பிறகே கவனித்தோம். சிறகுக்குக் கீழே சிவப்பாக எங்கள் தக்கை ஆடிக்கொண்டிருந்தது.

இடுப்பளவு நீரில் இறங்கிப் போனோம். நரம்பு சிறகைப் பலமுறை சுற்றி, தோலில் இறங்கியிருந்தது. ஒரு சுற்று கழுத்திலும். பல்லால் கடிக்க முகத்தை அருகே கொண்டுபோனால் அலகு கண்ணை நோக்கி வந்தது. கையில் இரண்டு இடங்களில் கிழித்தும்விட்டது. கிளையில் சுற்றியிருந்த பகுதியைப் பல்லால் அறுக்க முயன்றோம். 0.50 நரம்பு, விராலையே தாங்கும் என்று வாங்கியது, பல்லுக்கு மசியவில்லை. எங்கள் இருவருக்கும் புகைப்பழக்கம் இல்லாததால் சுட்டு அறுக்க ஒரு தீக்குச்சிகூட இல்லை. ஒருவர் பறவையைத் தாங்கிப் பிடித்துக்கொள்ள, மற்றவர் சாலையோர முடிதிருத்தகத்துக்கு ஓடி பிளேடு வாங்கி வந்தார். போக வர இருபது நிமிடம். பிளேடு வந்து சேர்ந்தபோது பறவையின் தலை தாங்கியிருந்த கையின் மேல் சாய்ந்திருந்தது. நரம்பை அறுத்தோம். அறுத்து என்ன?

யார் தாங்கிப் பிடித்தது, யார் ஓடியது என்று எழுத வேண்டாமென்று இருவருமாக முடிவு செய்துகொண்டோம். அந்தக் கணக்கு எங்களுக்குள் பிரிக்கக்கூடியதாக இல்லை.

பெரியப்பாவிடம் சொன்னபோது அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் ஆறுதலாக இருந்திருக்கும். "நூல்னா இத்துப் போயிருக்கும்ல," என்றார். சற்றுக் கழித்து, "நரம்பு வந்தப்ப நாங்கதான் ரொம்ப சந்தோசப்பட்டோம்," என்றார். பிறகு பற்பொடி டப்பாவைத் திறந்து, அடியில் துணியில் சுற்றியிருந்த பாதி பிளேடை எடுத்துக் காட்டினார். அத்தனை வருடங்கள் அந்த டப்பாவைப் பார்த்தவர்கள் நாங்கள். முள்ளையும் தக்கையையும் எண்ணிய எங்கள் கண்ணில் அது ஒருநாளும் படவில்லை.

அன்றிலிருந்து போர்வையின் மேல் நடக்கும் வழக்கு மாறிவிட்டது. பையில் முதலில் போவது கத்தரிக்கோல். பையின் வாரிலேயே கயிற்றால் கட்டியிருக்கிறோம், மறக்க முடியாதபடி. இரண்டாவது, வாயகன்ற ஒரு காலி பிளாஸ்டிக் புட்டி. முடிச்சுப் போட்டு வெட்டிய நுனி, சிக்கல் விழுந்த நரம்பு, கரையில் பிறர் விட்டுப்போனது எல்லாம் அதற்குள் போகும். மூன்றாவது, சிறு குறடு. முள்ளின் நுனிக்குக் கீழே பின்னோக்கி நீட்டியிருக்கும் சிறுமுள்ளைக் குறடால் நசுக்கிவிட்டால், சிறுமீனைக் காயம் பெருகாமல் கழற்றித் தண்ணீரில் விடலாம். நம் விரலில் ஏறினாலும் எளிதாக வரும். மீன் சில தப்பும். தப்பட்டும். நான்காவதாகத்தான் நரம்பும் முள்ளும். மெல்லிய முழம் இப்போது எங்களுக்கும் கட்டாயம்.

ஈயத்தையும் விட்டுவிட்டோம். தண்ணீரடியில் கிடக்கும் ஈயக்குண்டுகளைக் கல்லென்று எண்ணி விழுங்கிய அன்னங்கள் நஞ்சேறி மடிவதைக் கண்டு, 1987-இல் இங்கிலாந்தில் தூண்டிலுக்கான சிறு ஈயக்குண்டுகளின் விற்பனைக்குத் தடை விதித்தார்கள். நம் வாத்துகளுக்கும் நாமக்கோழிகளுக்கும் அரைவைப் பை ஒன்றுதானே? சைக்கிள் கடையில் கழித்துப் போட்ட இரும்பு நட்டு எங்களுக்குப் போதுமானதாக இருக்கிறது. கொஞ்சம் துருப்பிடிக்கும், மீனுக்கு அதில் குறையில்லை.

சூது அதிகாரத்தின் முதற் குறளில் வள்ளுவர், சூதில் பெறும் வெற்றியைத் தூண்டில் இரும்பை மீன் விழுங்கியதற்கு ஒப்பிடுகிறார். பள்ளியில் படித்தபோது நாங்கள் எங்களைத் தூண்டில்காரராகவே அதில் வைத்துப் பார்த்தோம். பெரிய விரால் என்ற இரையை விழுங்கிய அந்தச் சனிக்கிழமை இரவை நினைத்தால், விழுங்கியது யார் என்பதில் இப்போது எங்களுக்கு ஐயமில்லை. மீன் பிடிப்பதை ஏன் விட்டுவிடவில்லை என்று ஒரு நண்பர் கேட்டார். விட்டிருக்கலாம். ஆனால் விட்டவர்கள் கரைக்கு வர மாட்டார்கள். கிளையில் தொங்கும் நரம்பைப் பார்க்கவும் மாட்டார்கள் என்று பதில் சொன்னோம். அந்தப் பதிலில் எங்கள் ஆசையும் கொஞ்சம் கலந்திருக்கிறது என்பதை ஒப்புக்கொள்கிறோம்.

இப்போது போர்வையை இருமுறை விரிக்கிறோம். போகும் முன்பு ஒருமுறை, வந்த பின்பு ஒருமுறை. முள் எத்தனை போயிற்று, எத்தனை திரும்பிற்று, தக்கை எத்தனை, நட்டு எத்தனை என்று எண்ணி ஒரு நோட்டில் எழுதுகிறோம். மீன் கணக்கு அதில் இல்லை. சென்ற மாதம் பன்னிரண்டு முள் போய்ப் பதினொன்று திரும்பியது. மறுநாள் விடியலில் போய்க் கரையோரப் புல்லைக் காலால் துழாவிப் பார்த்தோம், கிடைக்கவில்லை. நோட்டில் அந்த வரிக்கு எதிரே ஒன்று குறைவு என்று எழுதி வைத்திருக்கிறோம்.