வாப்பாவின் குப்பிகள்

எங்கள் நாகூர் வீட்டில் பத்தாயத்துக்குப் பின்னால் வெயில் எட்டாத மூலை ஒன்று இருந்தது. அங்கே ஒரு பலகை. பலகையின்மீது வரிசையாக ஹார்லிக்ஸ் குப்பிகள். வருகிற விருந்தாளிகள் தேனோ ஊறுகாயோ என்று எண்ணிக்கொள்வார்கள். உள்ளே இருந்ததோ புகையிலை. சுங்கானில் இட்டுப் புகைப்பதற்கென்றே பதம் செய்யப்பட்ட சீமைப் புகையிலை. வாசகர்கள் முகம் சுளிக்க வேண்டா. அதன் புகழ் பாட நாங்கள் வரவில்லை. அதைக் கெடாமல் காக்க எங்கள் வாப்பா பட்ட பாட்டையும், அந்தப் பாட்டில் பிள்ளைகளாகிய எங்களுக்கு இருந்த பங்கையும் சொல்லவே இதனை எழுதுகிறோம்.

வாப்பா பினாங்கில், கப்பல்களுக்குச் சாமான் கொடுக்கும் கடையொன்றில் இருபது ஆண்டுகள் கணக்கெழுதியவர்கள். சுங்கான் அங்கே பழகியது. 1966இல் ரஜூலாக் கப்பலில் ஊர் திரும்பினார்கள். நாகப்பட்டினத்தில் கப்பல் கரையை அணையாது. தொலைவில் கடலில் நிற்க, படகில்தான் இறங்கி வர வேண்டும். அப்படி வந்த வாப்பாவின் மடியில் ஒரு தகரப் பெட்டி. பட்டாக இருக்கும், பீங்கானாக இருக்கும் என்று உம்மா கனவு கண்டிருந்தார்கள். திறந்தால் அரை ராத்தல் புகையிலை டின்கள் ஆறு! அந்தக் குறையை உம்மா கடைசிவரை மறக்கவில்லை.

அதன்பின் இரண்டாண்டுக்கு ஒருமுறை மாமாவோ சாச்சாவோ பினாங்கிலிருந்து வரும்போதுதான் புதிய சரக்கு. நம் பக்கத்துப் புகையிலை சுருட்டுக்கும் வெற்றிலைக்கும் ஆகுமேயன்றிச் சுங்கானுக்கு ஆகாது. சென்னையில் கிடைத்தது வாப்பாவுக்குப் பிடிக்கவில்லை. எனவே வந்ததை அடுத்த கப்பல்வரை காப்பாற்றியாக வேண்டும். டின்னில் காற்றை நீக்கி மூடியிருப்பார்கள். திறக்கும்வரை பல்லாண்டு கிடக்கும். திறந்துவிட்டாலோ அதன் ஆயுள் நம் கையில்.

அந்தக் கலையை வாப்பாவிடம் கற்றோம். சுங்கான் புகையிலையில் எடைக்கு 12 முதல் 15 விழுக்காடு ஈரம் நிற்க வேண்டும். சுற்றிலும் காற்றின் ஈரப்பதம் 60, 65 விழுக்காட்டளவில் இருந்தால் அது தானாகவே நிற்கும். நாகூர்க் காற்று அப்படியா இருக்கிறது? ஐப்பசி கார்த்திகையில் உப்பே நீராய் ஓடும், பூஞ்சை பூத்துவிடும். சித்திரை வெயிலில் மேல்காற்று அடித்தால் இலை சருகாகி, புகைத்தால் நாக்கைச் சுடும். வாப்பாவிடம் அளவுகருவி எதுவும் கிடையாது. இரு விரலால் ஒரு சிட்டிகை எடுத்து அழுத்துவார்கள். நொறுங்கினால் காய்ந்துவிட்டது, உருண்டையாக ஒட்டிக்கொண்டால் ஈரம் மிகுதி, அழுத்தியது மெல்ல மெல்ல விரிந்து கொடுத்தால் பதம். இந்தச் சோதனையை எங்களுக்கும் சொல்லிக்கொடுத்தார்கள். லாத்தாவின் விரல்தான் எல்லாரினும் நேர்மையானது என்பது வாப்பாவின் தீர்ப்பு.

டின் திறந்த அன்றே குப்பிக்கு மாற்றிவிட வேண்டும். கண்ணாடிதான் உத்தமம், பாலிதீன் பை மணத்தையும் ஈரத்தையும் மெல்லக் கசியவிடும். குப்பியைச் சோடாவுப்பு நீரில் கழுவி, இரண்டு நாள் கவிழ்த்துக் காயவைத்து, இலையை நெருக்கி நிரப்பி, மூடியைத் திருகி, விளிம்பைச் சுற்றி உருக்கிய மெழுகை ஊற்றுவார்கள். மெழுகுவர்த்தி பிடிப்பது எங்கள் வேலை. ஒருநேரத்தில் ஒரு குப்பிதான் திறந்திருக்கும். மற்றவை முத்திரையிட்டபடி இருளில் தூங்கும். அப்படித் தூங்குவதால் கெடுவதில்லை. வர்ஜீனியா இலையாயின் ஆண்டுகள் செல்லச் செல்லக் கறுத்து, காரம் தணிந்து, பேரீச்சம்பழ மணம் கொள்ளும்.

காய்ந்துவிட்டால் சிலர் உருளைக்கிழங்குத் துண்டை உள்ளே போடுவதுண்டு. அது பூஞ்சைக்கு விருந்து வைப்பதாகும். இலையைப் பீங்கான் கோப்பையில் பரப்பி, நனைத்துப் பிழிந்த துணியை இலையில் படாமல் கோப்பையின் வாயில் கட்டி, சில மணிக்கொருதரம் கிளறிவிடுவதே வாப்பாவின் முறை. அவசரம் கூடாது. நீரைத் தெளித்த எங்கள் நானாவுக்கு ஒருநாள் கிடைத்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது.

மணத்தை ஈர்ப்பதில் புகையிலைக்கு நிகரில்லை. ஒருமுறை ஒரு குப்பி தவறுதலாக, மூடி தளர்ந்த நிலையில், உம்மாவின் அலமாரிக்குள் போய்விட்டது. அங்கே அத்தர், அந்துருண்டை, சாம்பிராணி எல்லாம் உண்டு. அந்தக் குப்பியைப் புகைத்த வாரம் வாப்பாவின் சுங்கானிலிருந்து கல்யாண வீட்டு வாசம் வந்தது!

மற்றொரு முறை குப்பிக்குள் பழுப்பு நிறச் சிறுவண்டுகள். கொத்தமல்லியையும் மஞ்சளையும் மிளகாயையும் துளைக்கிற அதே வண்டு புகையிலையையும் துளைக்கும்.

"உங்க புகையிலையாலதான் என் மல்லி போச்சு" என்றார்கள் உம்மா.

"உன் மல்லியாலதான் என் புகையிலை போச்சு" என்றார்கள் வாப்பா.

வழக்கு தீரவில்லை. இந்நாளில் காற்றுப் புகாமல் கட்டிக் குளிர்பெட்டியின் உறைநிலை அறையில் சில நாள் வைத்தால் வண்டும் முட்டையும் மடியும் என்கிறார்கள். எங்கள் வீட்டில் அப்போது குளிர்பெட்டி ஏது? அந்தக் குப்பியை அடுப்பில் கொட்டினோம்.

புகைத்த வாயோடு வாப்பா பள்ளிக்குப் போனதில்லை. வெங்காயப் பூண்டு வாடையோடு வருவதே ஆகாதென்றால் இது எம்மாத்திரம் என்று, மிஸ்வாக்கால் பல் துலக்கி, வாய் கொப்பளித்துவிட்டே புறப்படுவார்கள். ஆலிம் ஒருவர் இதைப் பற்றி நயமாக எடுத்துச் சொன்னபோதும் மறுத்துப் பேசவில்லை. "நெஞ்சுக்குள்ள இழுக்கிறதில்லையே, வாயோட சரி" என்று உம்மாவிடம் மட்டும் சொல்வார்கள். சுங்கான் பிடிப்போர் பலரும் நம்பிய சமாதானம் அது. நெஞ்சுக்குள் இழுக்காவிட்டாலும் வாயிலும் தொண்டையிலும் புற்றுநோயை உண்டாக்க அந்தப் புகை போதும் என்பதை நாங்கள் பின்னர் அறிந்தோம்.

நானாவுக்குப் பதினேழு வயதிருக்கும்போது ஒரு குப்பியின் மெழுகு உடைந்திருந்தது. வாப்பா பார்த்தார்கள், எங்கள் ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்தார்கள். நானா தலையைக் குனிந்துகொண்டார். அடியில்லை, ஏச்சில்லை. அன்று மாலை மெழுகு உருக்க எங்களைக் கூப்பிடாமல் வாப்பா தனியே செய்தார்கள். அதற்குப் பின் அந்த வேலைக்கு எங்களை அழைக்கவே இல்லை. அது எங்களுக்கு மிகவும் வலித்தது.

1984இல் வாப்பாவின் குரல் கம்மியது. சளி என்று மூன்று மாதம் கஷாயம் குடித்தபின் சென்னைக்கு அழைத்துச் சென்றோம். மருத்துவர் சொன்ன அன்றே சுங்கானைக் கீழே வைத்தார்கள்; பிறகு தொடவில்லை. அடுத்த ஆண்டு பிப்ரவரியில், சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் ஓடிக்கொண்டிருந்த எம்.வி. சிதம்பரம் கப்பலில் தீப்பிடித்துப் பலர் மாண்டனர். அத்தோடு அந்தப் பயணிகள் கப்பலும் நின்றுபோயிற்று. பலகையில் மீந்தவை ஏழு குப்பிகள். வாங்கிக்கொள்ள ஆளிருந்தார்கள், மாமாவே கேட்டார்கள். வாப்பா கொடுக்கவில்லை. கொட்டிவிடவும் இல்லை. மாதம் ஒருமுறை எழுந்துபோய் மெழுகைத் தடவிப் பார்த்துவிட்டு வருவார்கள். புகைக்க முடியாதவர் ஏன் இதைப் பூதம் காப்பதுபோல் காக்கிறார் என்று நாங்கள் எங்களுக்குள் பேசிக்கொண்டோம்.

1987இல் வாப்பா மவுத்தானார்கள். நாற்பதாம் நாள் பாத்திஹா கழிந்து, சொத்துகளைக் கணக்கெடுத்தபோது குப்பிகளின் முறை வந்தது. விலைபோகும் பொருளாயிற்றே, இதுவும் பாகத்தில் சேருமா என்று ஒருவர் வேடிக்கையாகக் கேட்டார். ஒவ்வொரு குப்பியிலும் ஒரு சீட்டு ஒட்டியிருந்தது. எழுத்து அர்வித் தமிழ். குர்ஆன் ஓதப் பழகிய எங்களுக்கு, வாப்பாவின் கிறுக்கலான அர்வி எழுத்தைக் கூட்டிப் படிக்க வராது. அடைத்த மாதமும் ஆண்டும் குறித்திருப்பார்கள் என்றே அத்தனை காலமும் எண்ணியிருந்தோம். தமிழ் எழுத்து அறியாத உம்மாவுக்கு அர்விதான் கடிதமும் கணக்கும். இத்தாவில் இருந்த உம்மாவிடம் லாத்தா ஒரு குப்பியை எடுத்துப்போய்க் காட்டினார்.

உம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு மாதத்தைப் படித்தார்கள். ஆண்டைப் படித்தார்கள். அதற்குக் கீழே இன்னொரு வரி இருந்தது.

"புள்ளைகளுக்கு இல்லை."

ஏழு குப்பியிலும் அந்த வரி இருந்தது. நானாவின் சட்டைப் பையில் அப்போது ஒரு சிகரெட் பெட்டி இருந்ததென்று பின்னால் அவரே சொன்னார். அவர் விட்டது அன்றல்ல, மூன்றாண்டு கழித்து.

அவரைப் பந்தலில் அந்த ஆண்டு அசுவினி மொய்த்திருந்தது. அரைக் கிலோ புகையிலையை நாலரை லிட்டர் நீரில் கொதிக்கவைத்து வடிகட்டி, சோப்புக் கரைத்துத் தெளித்தால் அசுவினி மடியும் என்று பக்கத்து வீட்டு விவசாயி சொன்னார். குப்பிகளைத் திறந்தோம். லாத்தா பழக்கத்தில் ஒரு சிட்டிகையை எடுத்து அழுத்தினார், மெல்ல விரிந்தது. மூன்று ஆண்டுக்குப் பிறகும் பதம் மாறவில்லை. கையில் துணி சுற்றிக்கொண்டு கொல்லை அடுப்பில் ஏற்றினோம். வீடெங்கும் பேரீச்சம்பழ மணம். உம்மா அறைக்குள்ளிருந்தே எப்படித் தெளிக்க வேண்டும் என்று குரல் கொடுத்தார்கள். பத்து நாள்வரை அந்தப் பந்தலில் ஒரு காயைப் பறிக்கவும் அவர்கள் விடவில்லை.