மணலில் இருந்து மலைக்கு வெளிக்கிடுமுன்



பாலைவனமும் பனிமலையும் உள்ள தேசங்களுக்குப் பயணம் போகிறவர்கள் மாதக்கணக்கில் ஆயத்தம் செய்வார்கள். நாங்களோ கிளிநொச்சியிலிருந்து நுவரெலியாவுக்குப் போவதென்றால் "உள்நாடுதானே" என்று இருந்துவிடுகிறோம். எங்கள் நாடு சின்னதுதான். ஆனால் காலையில் மணற்காட்டு மணல்மேட்டில் கால் சுடுபட நின்ற ஒருத்தி, அன்றிரவே மலையில் பற்கள் அடிக்க நடுங்கலாம்.

நானும் அப்படி நடுங்கியவள்தான். அடுத்ததாகப் போகிறவர்கள் அதே பிழையை விடக்கூடாது என்பதற்காக இதை எழுதுகிறேன்.

யாரிடம் கேட்டோம்?

2014 தை மாதம். எங்கள் மாதர் சங்கத்தில் இருபத்திரண்டு பேர் சேர்ந்து ஒரு சிறிய பஸ்ஸை வாடகைக்குப் பிடித்தோம். மீள்குடியேறி நாலு வருடம் ஆகியிருந்தது. பலர் கணவனை இழந்தவர்கள். சிலர் காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளையைத் தேடித் திரிந்தவர்கள். கச்சேரி, ஆஸ்பத்திரி, விசாரணை என்று அலைந்ததைத் தவிர வேறு பயணம் அறியாத நாங்கள், முதல் தடவையாக "பார்த்துவிட்டு வருவம்" என்று வெளிக்கிட்டோம்.

என்ன கொண்டுபோவது என்று பஸ் சாரதியிடம் கேட்டோம். சந்திக் கடைக்காரரிடம் கேட்டோம். எங்களோடேயே வந்த ஓர் அக்காவிடம் மட்டும் ஒருவரும் கேட்கவில்லை. அவர் ஹற்றன் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்தவர். 1977 கலவரத்தில் எட்டு வயதுப் பிள்ளையாகத் தாய் தகப்பனோடு வன்னிக்கு வந்தவர்.

அன்றிரவு எங்களிடம் இருந்தது பருத்திச் சேலையும் ரப்பர் செருப்பும்தான். ஒரு போர்வைக்குள் மூன்று பேர் படுத்தோம். தங்கிய இடத்தில் எங்களைப் பார்த்துப் பரிதாபப்பட்டு ஒரு சட்டியில் தணல் போட்டுத் தந்தார்கள். நாங்கள் சந்தோசமாகக் கதவு யன்னலைச் சாத்தினோம். அந்த அக்கா எழும்பி வந்து யன்னலைத் திறந்தார்.

"தணலை உள்ளுக்கு வைச்சுப் பூட்டினால் விடிய எழும்பமாட்டியள்" என்று சொல்லிச் சட்டியைத் தூக்கி வெளியில் வைத்தார். எங்களுக்குக் கோபம் வந்தது. பிறகுதான் விளங்கியது. மூடிய அறையில் தணல் எரிந்தால் காபனோரொட்சைட் என்ற நஞ்சு வாயு சேரும். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. நித்திரையிலேயே உயிர் போய்விடும்.

அவரோ சட்டைக்கு மேல் சட்டை போட்டு, காலுறை போட்டு, தலையில் கம்பளித் துணி கட்டியிருந்தார். "ஏனக்கா எங்களுக்கும் சொல்லியிருக்கலாமே" என்றேன்.

"நீங்கள் கேக்கேல்லையே பிள்ளை."

இனி நான் எழுதுவதில் பெரும்பகுதி அந்த அக்கா பிறகு சொல்லித் தந்தது.

குளிர் எவ்வளவு, போவது எப்போது?

நுவரெலியா நகரம் கடல்மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அதன் பக்கத்தில் நிற்கும் பீதுருதாலகால மலை 2,524 மீற்றர். நாட்டிலேயே உயரமான மலை அதுதான். ஆயிரம் மீற்றர் ஏறினால் வெப்பம் ஆறு, ஆறரைப் பாகை குறையும். எங்கள் ஊரில் 30 பாகை என்றால் அங்கே 18 பாகை அளவில் இருக்கும். அது பகலில். தை, மாசியில் வானம் வெளித்த இரவுகளில் இன்னும் குறைந்து, விடியற்புறம் புல்லில் உறைபனி படிவதும் உண்டு.

உயரத்துக்குப் பயப்பட வேண்டாம். இமயத்தில் லடாக்கின் லே நகரம் போல 3,500 மீற்றரில் உள்ள ஊர்களில் காற்று மெலிந்து தலையிடியும் மூச்சிழுப்பும் வரும். நுவரெலியா உயரத்தில் பொதுவாக அது வராது. காது அடைக்கும். ஓர் இனிப்பை வாயில் போட்டு எச்சில் விழுங்கினால் திறந்துவிடும்.

மாசி, பங்குனி மாதங்கள் நல்லவை. குளிர் இருந்தாலும் மழை குறைவு. சித்திரையில் அங்கே வசந்தகாலக் கொண்டாட்டம் நடப்பதால் அறை வாடகை ஏறிவிடும். வைகாசி முடிவிலிருந்து தென்மேல் பருவமழை. ஐப்பசி, கார்த்திகையில் மழையோடு மண்சரிவும் வரும். 2025 நவம்பர் இறுதியில் வந்த டித்வா புயலில் மலையகத்தில் வீடுகளும் வீதிகளும் ரயில் பாதையும் எவ்வளவு அழிந்தன என்று எல்லோரும் அறிவோம். மழை நாளில் மண்சரிவு எச்சரிக்கை இருந்தால் பயணத்தைத் தள்ளிப்போடுங்கள். கட்டிய காசு போனாலும் பரவாயில்லை. அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் இலக்கம் 117, அவசர அம்புலன்ஸ் இலக்கம் 1990. இரண்டையும் ஒவ்வொருவரும் எழுதி வைத்திருங்கள்.

போகும் வழி

ஏ-9 வீதியால் கண்டிக்குப் போய், கம்பளை, இறம்பொடை வழியாக ஏறுவது ஒரு வழி. கண்டியிலிருந்து சுமார் 75 கிலோமீற்றர்தான், ஆனால் வளைவுகள் அதிகம். சத்தி எடுக்கிறவர்களை முன் ஆசனத்தில் இருத்துங்கள். வெறும் வயிற்றோடும் வேண்டாம், வயிறு முட்டவும் வேண்டாம். தேசிக்காய், இஞ்சி, பொலித்தீன் பை கையில் இருக்கட்டும்.

ரயிலில் போவதென்றால் வடக்கு ரயிலில் பொல்காவலையில் இறங்கி, பதுளைக்குப் போகும் ரயிலுக்கு மாற வேண்டும். நுவரெலியா நகரத்தில் ரயில் நிலையம் இல்லை. நானுஓயாவில் இறங்கி பஸ்ஸில் போக வேண்டும். புயலுக்குப் பிறகு எந்த ரயில் எதுவரை ஓடுகிறது என்று நிலையத்தில் கேட்டுக்கொண்டே வெளிக்கிடுங்கள்.

ரயில் பயணத்தில் ஒன்றை முன்கூட்டியே சொல்லி வைக்க வேண்டும். அந்தப் பாதையில் சுரங்கங்கள் அதிகம். ஹற்றனுக்கும் கொட்டகலைக்கும் இடையில் வரும் சிங்கமலைச் சுரங்கம் நீளமானது. திடீரென்று வரும் இருட்டும் இரைச்சலும் பங்கருக்குள் கிடந்தவர்களுக்கு எதை ஞாபகப்படுத்தும் என்று நான் சொல்லத் தேவையில்லை. 2023 மாசியில் நாங்கள் இரண்டாம் தடவை ரயிலில் போனபோது, அந்த அக்கா ஹற்றனிலேயே எல்லோரையும் கூப்பிட்டு, "இப்ப இருட்டு வரும். நூறு எண்ணுங்கோ, வெளிச்சம் வந்திடும்" என்றார். ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு சத்தமாக எண்ணினோம். பக்கத்தில் இருந்த சிங்களப் பிள்ளைகளும் சேர்ந்து தங்கள் மொழியில் எண்ணினார்கள்.

பையில் வைக்க வேண்டியவை

தடித்த ஒரு சுவெற்றரைவிட மெல்லிய இரண்டு மூன்று சட்டைகள் நல்லது. சட்டைகளுக்கு இடையில் நிற்கும் காற்றுத்தான் சூட்டைக் காக்கும். வெயில் ஏறினால் ஒன்றைக் கழற்றலாம். காலுறை மூன்று சோடி, தலைக்கும் காதுக்கும் துணி, பிடிப்புள்ள சப்பாத்து, குடை, ரோர்ச் லைற். குளிராக இருந்தாலும் மலை வெயில் முகத்தைச் சுடும், ஆகவே தொப்பியும் வேண்டும். இவற்றைப் புதிதாக வாங்க வேண்டியதில்லை. வெளிநாட்டிலிருந்து உறவினர் கொண்டுவந்த குளிர்ச்சட்டை எத்தனையோ பெட்டிகளில் கிடக்கிறது. கேட்டு வாங்கிப் போய்த் துவைத்துக் கொடுங்கள்.

அங்கே ஈரத்துணி ஒரு நாளில் காயாது. மாதவிடாய்க்குத் துணி பாவிக்கிறவர்கள் அந்த நாட்களுக்கு மட்டும் கடை நப்கின் கொண்டுபோங்கள். சுற்றிப் போடக் கடதாசியும் வையுங்கள்.

பிரஷர், சீனி வருத்தம், தொய்வு உள்ளவர்கள் போகும் நாட்களுக்கு மேலதிகமாக இரண்டு நாள் மருந்து கையோடு வைத்திருக்க வேண்டும். அதைப் பெட்டியில் போட்டு பஸ் கூரையில் ஏற்றிவிட வேண்டாம்.

செயற்கைக் கால் பாவிக்கும் சகோதரிகளுக்கு ஒரு சொல். முதல் பயணத்தில் எங்களுடன் வந்த ஒரு தங்கச்சிக்கு மழை ஈரம் உறைக்குள் இறங்கி, மிஞ்சிய காலின் தோல் உரிந்துவிட்டது. உள்ளுறை நாலைந்து கொண்டுபோங்கள். நனைந்தால் உடனே மாற்றுங்கள். ஏற்றத்தைவிட இறக்கம்தான் கடினம். ஒரு கைத்தடி வைத்திருப்பதில் வெட்கம் இல்லை. தேயிலைக்குள் நடக்கிற தோட்டத்துச் சனமும் கம்பு ஊன்றித்தான் நடக்கிறார்கள்.

புல்லுக்குள் அட்டை கடிக்கும். இழுத்துப் பிய்க்காமல் நகத்தால் பக்கவாட்டில் தள்ளினால் விழுந்துவிடும். கழுவித் துணியால் சற்று நேரம் அழுத்துங்கள். காலுறையில் சவர்க்காரம் பூசினால் ஏறுவது குறையும்.

சமைத்துச் சாப்பிடுவதென்றால் இன்னொன்று. அந்த உயரத்தில் தண்ணீர் 94 பாகை அளவிலேயே கொதித்துவிடும். ஆகவே சோறும் பருப்பும் அவிய நேரம் கூடும். பருப்பையும் கடலையையும் முதல் நாளே ஊறவிடுங்கள்.

காசு விடயத்தில், ஒரு வருடத்துக்கு முன்பே சங்கத்தில் மாதாமாதம் சேருங்கள். சுற்றுலாவுக்காக நுண்கடன் எடுக்கவே வேண்டாம். மூன்று நாள் சந்தோசத்துக்கு மூன்று வருடம் அழ வேண்டிவரும்.

விட்டுவிட்டுப் போக வேண்டியது

கொண்டுபோக வேண்டியதைச் சொன்னேன். ஊரிலேயே விட்டுவிட்டுப் போக வேண்டிய ஒன்றும் இருக்கிறது. "தோட்டக்காட்டார்" என்ற சொல்.

கோப்பிக் காலத்தில் தமிழ்நாட்டிலிருந்து வந்த அந்தச் சனம் மன்னார்க் கரையில் இறங்கி, வெயிலுக்குள்ளும் காட்டுக்குள்ளும் மாத்தளை வரை நடந்தே போனார்கள். வாந்திபேதியிலும் காய்ச்சலிலும் வழியிலேயே ஏராளமானோர் செத்தார்கள். தப்பியவர்கள் மேலே ஏறியபோது உடுத்த துணியோடு குளிருக்குள் போனார்கள். மலை எப்படி இருக்கும் என்று அவர்களுக்குச் சொல்ல ஆளில்லை. 2023 யூலை இறுதியில் தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு ஒரு நடைபயணம் போனது, மலையக மக்களின் அந்த 200 வருடத்தை நினைத்துத்தான்.

அவர்களின் பிள்ளைகள்தான் 1958, 1977, 1983 கலவரங்களுக்குப் பிறகு வன்னிக்கு வந்து காடு வெட்டிக் குடியிருந்தவர்கள். எங்களோடு முள்ளிவாய்க்கால் வரை நடந்தவர்கள். அப்படியிருந்தும் கிணற்றடியிலும் பள்ளிக்கூடத்திலும் அந்தச் சொல் அவர்கள் காதில் விழுந்துகொண்டே இருந்தது. நாங்கள் அந்த அக்காவிடம் ஏன் கேட்கவில்லை என்று பிறகு யோசித்தேன். அவருக்குத் தெரிந்திருக்கும் என்று எங்களுக்குத் தோன்றவே இல்லை.

ஆகவே தோட்டத்துக்குப் போகிறபோது கொழுந்து எடுக்கிறவர்களின் வேலையைக் குழப்பாதீர்கள். நிறுவைக்கு முன் கூடை நிறைய வேண்டும் அவர்களுக்கு. லயத்துக்குள் எட்டிப் பார்த்துப் படம் எடுக்காதீர்கள். எங்கள் முகாமுக்குள் கமராவோடு வந்தவர்களை நினைத்துப் பாருங்கள். வெறுங்கையோடும் போகாதீர்கள். பனங்கட்டிக் குட்டானும் ஒடியலும் அங்கே கிடைக்காத பண்டங்கள்.

பீலித் தண்ணீர்

பார்க்க நிறைய இருக்கிறது. ஹக்கல பூந்தோட்டம், சீத்தாஎலிய அம்மன் கோயில், கிரகெரி ஏரி, தலவாக்கலைப் பக்கத்தில் டெவன், சென்கிளேயர் நீர்வீழ்ச்சிகள். இரண்டாம் பயணத்தில் இவற்றில் பாதியைத்தான் பார்த்தோம். ஒரு பகலை அந்த அக்காவின் தோட்டத்துக்கு ஒதுக்கினோம்.

லயத்தில் வேறு குடும்பம் இருந்தது. வாசலில் நின்ற அம்மா "வாங்க, உள்ள வாங்க" என்றார். நாங்கள் "இருக்கட்டும், நிக்கிறம்" என்றோம். எங்களோடு "கேக்கேல்லை" என்று கதைக்கிற அக்கா அங்கே "கேக்கலங்க" என்று கதைத்தார். அவருடைய மற்றப் பேச்சை அன்றுதான் நாங்கள் முதல் தடவை கேட்டோம். தகப்பனின் பெயரைச் சொன்னார். அங்கே ஒருவருக்கும் ஞாபகம் இல்லை. கொஞ்சநேரம் பேசாமல் நின்றார். பிறகு லயத்துக்குப் பின்னால் போனார். மலையிலிருந்து தண்ணீர் விழும் பீலி அந்த இடத்திலேயே இருந்தது. கையை நீட்டி முகத்தைக் கழுவினார்.

"அம்மா என்னைக் குளிப்பாட்டுறதுக்கு இஞ்சதான் இழுத்துக்கொண்டு வருவா. இந்தக் குளிருக்கு நான் ஓடுவன்" என்றார்.

நாங்களும் ஒவ்வொருவராகக் கை நீட்டினோம். விரல் விறைத்தது. அந்த வீட்டு அம்மா எல்லோருக்கும் தேத்தண்ணி ஊற்றித் தந்தார். நாங்கள் கொண்டுபோன பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு குடித்தோம்.

சகோதரிகளே, உங்கள் சங்கத்திலும் அப்படி ஒருவர் இருப்பார். பஸ் பிடிக்குமுன் அவரிடம் போய்க் கேளுங்கள். சுகமாகப் போய் வாருங்கள்.