நாள் கணக்கில் வயது

இரண்டு மாதம் நிறையாத குழந்தைக்குக் காய்ச்சல் என்றால், பிறந்து எத்தனை நாள் ஆகிறது என்பதைத்தான் மருத்துவர் முதலில் கேட்க வேண்டும். காய்ச்சல் எத்தனை டிகிரி என்ற கேள்வி அதற்கு அடுத்தது. “ஒரு மாசம் இருக்கும் டாக்டர்” என்ற பதில் போதாது. 20 நாளா, 27 நாளா, 35 நாளா என்பதைப் பொறுத்து அடுத்துச் செய்ய வேண்டியவை மாறிவிடும். இந்தத் தொழிலில் இருப்பவன் என்ற முறையில் ஒன்றை அழுத்திச் சொல்வேன்: இந்த வயதில் குழந்தையின் தோற்றம் நம் சந்தேகத்தைக் கூட்டலாம், குறைக்க அதற்கு உரிமை இல்லை. துவண்டு கிடக்கும் குழந்தையைப் பார்த்ததுமே சிகிச்சையைத் தொடங்குவது சரி. நன்றாகப் பால் குடிக்கிறது, கைகாலை உதைக்கிறது என்பதற்காகச் சோதிக்காமல் வீட்டுக்கு அனுப்புவது சரியல்ல.

மூன்று வயதுக் குழந்தைக்கு மூளைக்காய்ச்சல் வந்தால் கழுத்து விறைக்கும், தலை வலிக்கிறது என்று அதுவே சொல்லும். மூன்று வாரக் குழந்தையிடம் இவற்றை எதிர்பார்க்க முடியாது. உச்சிக்குழி புடைப்பது பல நேரம் தாமதமாகத்தான் தெரியும், சிலருக்குப் புடைக்காமலே போகும். முகம் பார்த்துச் சிரிப்பது போன்ற, நாம் நம்பிப் பழகிய அடையாளங்கள் ஆறாவது வாரத்தை ஒட்டித்தான் தோன்றத் தொடங்குகின்றன. அழுகை, நிறம், நீர்ச்சத்து, பெற்றோர் தூக்கினால் அடங்குவது என ஆறு அடையாளங்களுக்கு மதிப்பெண் கொடுக்கும் ஓர் அளவுகோலை 1982இல் யேல் பல்கலைக்கழகத்தின் மெக்கார்த்தி குழுவினர் வகுத்தார்கள். 4 முதல் 8 வாரக் குழந்தைகளிடம் அந்த அளவுகோல் தவறிவிடுகிறது என்று 1990இல் பிலடெல்பியா மருத்துவர்கள் காட்டினார்கள். 2019இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், காய்ச்சலோடு அவசரப் பிரிவுக்கு வந்த, 60 நாள் தாண்டாத 1821 குழந்தைகளில் 170 பேருக்குக் கடுமையான பாக்டீரியாத் தொற்று இருந்தது. அவர்களில் 151 பேருக்குச் சிறுநீர்த் தொற்று, 26 பேருக்கு இரத்தத்தில் கிருமி, 10 பேருக்கு மூளைக்காய்ச்சல். சிலருக்கு ஒன்றுக்கு மேல். சிறுநீர்த் தொற்றுள்ள குழந்தை சிவந்த கன்னத்தோடு பால் குடித்துக்கொண்டிருக்கும். எவ்வளவு பழகிய கண்ணுக்கும் அது தெரியாது.

அனுபவசாலிகள் இதற்குச் சொல்லும் மறுப்பு வலுவானது. 2004இல் பான்டெல் குழுவினர் வெளியிட்ட ஆய்வில் 3066 குழந்தைகள். கிளினிக் மருத்துவர்கள், எழுதிவைத்த விதிகளை அப்படியே பின்பற்றாமல் தம் மதிப்பீட்டின்படியே நடந்தார்கள். இரத்தத் தொற்றோ மூளைக்காய்ச்சலோ இருந்த 63 பேரில் 61 பேருக்குத் தொடக்கத்திலேயே ஆன்டிபயாடிக் கிடைத்தது. அப்படியானால் கண் போதுமே? போதாது. அந்த மருத்துவர்களின் மதிப்பீட்டில் வயதும் காய்ச்சலின் அளவும் சேர்ந்தே இருந்தன. சோதனைகளும் செய்தார்கள், குழந்தையை மறுபடியும் வரவழைத்துப் பார்த்தார்கள். இரண்டு பஸ் மாறி வந்த தாய் நாளைக்கும் வருவார் என்று எண்ணி நாம் முடிவெடுக்க முடியாது.

சோதனைகளில் கைப்பக்குவம் அதிகம் வேண்டுவது சிறுநீர் எடுப்பதில். பிளாஸ்டிக் பையை ஒட்டிவிட்டுக் காத்திருப்பது சுலபம். ஆனால் தோலில் உள்ள கிருமிகளும் அதில் கலப்பதால், அதைக் கல்ச்சருக்கு அனுப்பினால் இல்லாத தொற்று இருப்பதாகக் காட்டும். அந்த ஒரு காகிதத்தை நம்பிக் குழந்தைக்கு வேண்டாத மருந்து போகும். மெல்லிய கத்தீட்டர் வழியாக எடுப்பதே நம்பத்தக்கது. கல்ச்சருக்கு வேண்டிய இரத்தத்தையும் சிறுநீரையும் எடுத்த பிறகே முதல் ஊசி போட வேண்டும். குழந்தை மோசமாக இருந்தால் மட்டும் இதற்காகக் காத்திருக்கக் கூடாது.

இத்தனை குத்தல் தேவையா, பத்தில் ஒன்பது குழந்தைகளை வீணாக வருத்துகிறோமே என்பது அடுத்த மறுப்பு. அந்த வருத்தம் எனக்கும் உண்டு. ஆனால் குழந்தைகளை வார்டிலிருந்து விடுவித்ததும் சோதனைதான். அமெரிக்கக் குழந்தை மருத்துவ அகாதமி 2021இல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, பார்க்க நன்றாக இருந்தாலும் 8 முதல் 21 நாள் வரையுள்ள குழந்தைக்கு இரத்தம், சிறுநீர், முதுகுத்தண்டு நீர் மூன்றும் எடுத்து, மருத்துவமனையில் சேர்த்து மருந்து தொடங்க வேண்டும். 28 நாள் தாண்டிய குழந்தைக்குச் சிறுநீரும் அழற்சிக் குறியீடுகளும் சரியாக இருந்தால் முதுகில் ஊசி வேண்டாம். வீட்டில் வைத்தே கவனிக்கலாம். இதை அப்படியே இங்கே பெயர்த்து வைக்க முடியாது என்பதும் உண்மை. டெல்லியின் மூன்று பெரிய மருத்துவமனைகளில் நடந்து 2016இல் வெளியான ஆய்வில், பச்சிளங்குழந்தைகளிடம் முன்னணியில் இருந்தவை அசினிடோபாக்டர், கிளெப்சியெல்லா கிருமிகள். அவற்றில் பலவும் பல மருந்துகளுக்கு அடங்காதவை. எந்த மருந்துக்குக் கேட்கும் என்று தெரியாத ஊரில் கல்ச்சரின் மதிப்பு கூடுகிறதே தவிரக் குறைவதில்லை.

45ஆம் நாள் தடுப்பூசிக்குப் பின் வரும் காய்ச்சலையும் சொல்ல வேண்டும். ஊசி போட்ட 24 மணி நேரத்துக்குள் என்றால் ஆபத்து குறைவு. அப்போதும் சிறுநீரைப் பார்த்துவிடுவதே நல்லது. சளி இருக்கிறது, அதனால்தான் காய்ச்சல் என்ற சமாதானத்துக்கும் இதே பதில்தான்.

பெற்றோருக்குச் சில வார்த்தைகள். முதுகில் நீர் எடுத்தால் கால் விளங்காது என்ற பயத்தில் பலர் கையெழுத்துப் போட மறுக்கிறார்கள். தண்டுவடம் முடியும் இடத்துக்குக் கீழேதான் ஊசி போகிறது, தயவுசெய்து மறுக்காதீர்கள். இரண்டு மாதத்துக்குட்பட்ட குழந்தையின் அக்குளில் 37.5 டிகிரி செல்சியஸோ அதற்கு மேலோ இருந்தாலும், 35.5க்குக் கீழே குளிர்ந்திருந்தாலும், பால் குடிக்க மறுத்தாலும், நிமிடத்துக்கு 60 முறை அல்லது அதற்கு மேல் மூச்சு வாங்கினாலும் விடியும்வரை காத்திருக்காதீர்கள். மீதமிருக்கும் ஆன்டிபயாடிக் சொட்டு மருந்தைக் கொடுத்துப் பார்க்காதீர்கள். 108ஐ அழையுங்கள். மருத்துவமனைக்குப் போனதும் குழந்தையின் வயதை நாள் கணக்கில் சொல்லுங்கள்.